ஓட்டின் முதுகும் துணியின் மறுபுறமும்

சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே பெட்டேன் சாலை என்றொரு சிறு தெரு உண்டு. தேக்காவின் ஆரவாரம் அங்கே எட்டுவதில்லை. 1930ஆம் ஆண்டளவில் ஈ. வி. மில்லர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி எழுந்த 18 மாடி வீடுகள் அத்தெருவில் வரிசையாக நிற்கின்றன. ஐந்தடிப் பாதையின் தூண்களைப் பூ வேலைப்பாடு கொண்ட ஓடுகள் போர்த்தியிருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த காலைப்பொழுதில் அவற்றைப் பார்க்கவேண்டும். அன்றுதான் சூளையிலிருந்து எடுத்தவை போல் மின்னும்.

மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு மாணவி தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை யார் செய்தார்கள்?” என்று கேட்டாள். எங்களில் ஒருவர் தயங்காமல், “இவை பெரனாக்கான் ஓடுகள்” என்றார். அவள் தலையசைத்துக்கொண்டாள். அது விடையன்று என்பதை உணர எங்களுக்கே சிறிது நேரம் பிடித்தது. பெரனாக்கான் என்பது இவ்வோடுகளை விரும்பி வாங்கியோரைக் குறிக்கும் பெயர், செய்தோரைக் குறிப்பதன்று. மாணவி கேட்டதோ செய்தோரைப் பற்றி.

இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் தேடிய விடை. அலங்கார ஓடுகளையும், நாட்டார் வடிவங்களைத் தழுவி இன்று உருவாகும் உடைகளையும் ஒருசேர எடுத்துக்கொண்டுள்ளோம். இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் ஏன் இணைக்கவேண்டும் என்று கேட்கலாம். ஓட்டிலிருந்த பூக்கள் இப்போது துணிக்கு இறங்கிவிட்டன என்பது ஒரு காரணம். இரண்டையும் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும் என்பது மற்றொன்று.

பெயர்ச் சிக்கல்

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் ஓடு என்றவுடன் கூரைதான் நினைவுக்கு வருகிறது. பூ வேலைப்பாடுள்ள ஓட்டைப் ‘பூவோடு’ என்று சுருக்கிச் சொல்லலாம் என்றால், அது நாரை மணக்கச் செய்யும் பூவோடு கலந்துவிடும். செட்டிநாட்டில் தரையில் பதிக்கும் சிமிட்டி வில்லையைப் ‘பூக்கல்’ என்று வழங்குவர், அழகான சொல். ஆனால் சூளையில் சுட்டு மெருகேற்றிய சுவரோட்டைக் கல் என்பது முற்றிலும் பொருந்தாது. சிங்கப்பூரில் நாம் டைல்ஸ் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். இக்கட்டுரையில் சுட்ட ஓட்டை அலங்கார ஓடு என்றும், சுடாத சிமிட்டி வில்லையைப் பூக்கல் என்றும் குறிப்போம். பெயரைப் பிரித்துக்கொள்வது வெறும் சொல்லாராய்ச்சியன்று, செய்முறையே வேறு.

பெரனாக்கான் என்ற சொல்லுக்கும் ஒரு விளக்கம் வேண்டும். வணிகத்தின் பொருட்டு இவ்வட்டாரத்திற்கு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து வேரூன்றியோரின் வழித்தோன்றல்களை அது குறிக்கும். சீனப் பெரனாக்கான்களே பலருக்கும் தெரிந்தவர்கள். எனினும் மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்களே. அவர்களுடைய வாழ்வைப் பற்றிய கண்காட்சி ஒன்றைக் கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018ஆம் ஆண்டு நடத்தியது. சேலையைப் போலவே சாரோங்கும் கெபாயாவும் அக்குடும்பப் பெண்களின் உடை என்பதை அங்கே முதன்முறையாக அறிந்த தமிழ் மாணவர்கள் பலர்.

தூளில் பிறந்த பூ

இனி ஓட்டிற்கு வருவோம். ஈரக் களிமண்ணைத் தட்டி ஓடு செய்தால், காயும்போது சுருங்கும், வளையும். ஆயிரம் ஓடுகளை ஒரே அளவில் செய்வது அரிது. 1840ஆம் ஆண்டு ரிச்சர்ட் பிராஸர் என்னும் ஆங்கிலேயர் இதற்கு மாற்று ஒன்றைக் கண்டு காப்புரிமை பெற்றார். களிமண்ணை உலர்த்திப் பொடியாக்கி, ஈரப்பதம் சிறிதளவே இருக்கும்படி வைத்து, உலோக அச்சிலிட்டுத் திருகு அழுத்தியால் இறுக்குவது அம்முறை. முதலில் பொத்தான் செய்வதற்கே அது பயன்பட்டது. ஹெர்பர்ட் மின்டன் அதை ஓட்டுக்கு மாற்றினார். சட்டைப் பொத்தானும் சுவரோடும் ஒரே உத்தியில் பிறந்தவை என்பதைத் தையல் பயிலும் மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் நம்பத் தயங்குகிறார்கள்.

அச்சிலேயே பூவின் வடிவம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஆகவே அழுத்தி எடுத்த ஓட்டில் இதழ்களின் விளிம்பு மெல்லிய வரப்பாக எழுந்து நிற்கும். இவ்வரப்புதான் நுட்பம். ஒருமுறை சுட்ட பின்னர், வரப்புகளுக்கு இடைப்பட்ட பாத்திகளில் வண்ண மெருகை நிரப்புவார்கள். மறுமுறை சூளையில் வைக்கும்போது மெருகு உருகிக் கண்ணாடியாகும். வரப்பு தடுப்பதால் சிவப்பு பச்சையோடு கலவாது. பள்ளத்தில் மெருகு தடித்துத் தேங்குவதால் அங்கே நிறம் அடர்ந்தும், மேட்டில் மெலிந்து படிவதால் வெளிறியும் தோன்றும். ஓவியன் தூரிகையால் காட்டும் நிழலை இங்கே உருகிய மெருகின் கனமே காட்டிவிடுகிறது. விலை கூடிய ஓடுகளில் வரப்பை அச்சு இடுவதில்லை. மெல்லிய குழாயின் வழியே களிக்குழம்பைப் பிதுக்கிக் கையாலேயே கோடு வரைவார்கள். மருதாணிக் கூம்பைப் பிடிக்கும் கை அதை எளிதில் புரிந்துகொள்ளும். அத்தகைய ஓட்டில் எந்த இரண்டு கோடும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

பெரும்பாலான ஓடுகள் ஆறு அங்குலச் சதுரங்கள். சில ஓடுகளில் ஒரு முழு மலர் இருக்கும். சிலவற்றில் கால்வாசி மலர்தான். நான்கு ஓடுகள் மூலையோடு மூலை சேர்ந்தால்தான் வடிவம் நிறைவுறும். புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இக்கணக்கைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில் இங்கிலாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இவ்வோடுகள் இங்கு வந்தன. 1914இல் மூண்ட முதல் உலகப்போர் அக்கப்பல்களை நிறுத்தியது. அதற்குச் சற்று முன்னரே தூள் அழுத்தும் முறையைக் கைவரப் பெற்றிருந்த ஜப்பானியர் அவ்விடத்தை நிரப்பினர். அவாஜித் தீவிலும் நகோயா வட்டாரத்திலும் இருந்த தொழிற்கூடங்கள் ஐரோப்பிய வடிவங்களைப் பார்த்துச் செய்து, குறைந்த விலையில் ஆசியத் துறைமுகங்களுக்கெல்லாம் அனுப்பின. 1920களிலும் 1930களிலும் எழுந்த சிங்கப்பூர்க் கடைவீடுகளில் ஜப்பானிய ஓடுகள் ஏராளம். ஜூ சியாட்டிலும் கூன் செங் சாலையிலும் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் சுவர்களில் எத்தனையோ ரோசாக்கள் ஐரோப்பியப் பாணியில் ஜப்பானில் பூத்தவை.

இதை எப்படி அறிவது? ஓட்டின் முகம் சொல்லாது, முதுகு சொல்லும். எங்களிடம் உடைந்த ஓடு ஒன்று இருக்கிறது. பழம்பொருள் விற்பவரிடம் சில வெள்ளிக்கு வாங்கியது. முகத்தில் மஞ்சள் மலர். முதுகில் சுண்ணச்சாந்து பிடித்துக்கொள்வதற்கான வரிப்பள்ளங்கள். அவற்றின் நடுவே ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலப் புடைப்பெழுத்து. சில ஓடுகளில் மின்டன் ஹாலின்ஸ் போன்ற ஆங்கில நிறுவனங்களின் பெயர் இருக்கும். சிலவற்றில் அவாஜியின் டான்டோ நிறுவனத்தைக் குறிக்கும் டி, கே என்னும் எழுத்துகள் இருக்கும். சுவரில் பதித்துவிட்டால் அவ்வெழுத்துகள் நூறாண்டுகளுக்குச் சாந்துக்குள் புதைந்துபோகும். வீடு இடிபடும் நாளில்தான் அவை வெளிச்சத்தைக் காண்கின்றன. சுண்ணச்சாந்தில் பதித்த ஓட்டைப் பொறுமையோடு பெயர்த்தெடுக்கலாம். பிற்காலத்தார் சிமிட்டியால் ஒட்டியதைப் பெயர்த்தால் ஓடுதான் உடையும்.

இங்கு ஈட்டியதும் அங்குக் கட்டியதும்

இந்த ஓட்டுக் கதையில் தமிழர்க்கு இடமுண்டா? உண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பாய் விரித்துப் படுத்து, கைப்பெட்டி முன் அமர்ந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார்கள், 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் இங்கும் ஈட்டிய பொருளைக்கொண்டு செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் சென்ற வழியிலேயே ஐரோப்பிய, ஜப்பானிய அலங்கார ஓடுகளும் காரைக்குடிப் பக்கம் சென்றன. ஜூ சியாட்டின் வெளிச்சுவரிலும் செட்டிநாட்டு வளவின் உட்சுவரிலும் ஒரே குடும்பத்து ஓடுகளைக் காணலாம். அங்கே மட்டும் அவற்றை யாரும் பெரனாக்கான் ஓடுகள் என்பதில்லை.

ஜப்பானியர் இந்தியச் சந்தைக்கென்றே தெய்வ உருவங்களையும் ஓட்டில் வார்த்தனர். ரவிவர்மாவின் அச்சுப்படங்களைப் பார்த்துச் செய்த கலைமகளும் கண்ணனும் அவ்வாறு கடல்கடந்து வந்தனர். எவ்வளவு பக்தியோடு நாம் வணங்கினாலும், அவ்வோடுகளின் முதுகிலும் ஊர்ப்பெயர் ஜப்பான்தான்.

சுவரை வெளிநாட்டு ஓடு பிடித்துக்கொண்டது. தரையை ஆத்தங்குடி பிடித்துக்கொண்டது. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் செய்யப்படும் பூக்கல் சூளையையே காண்பதில்லை. சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டைப் படுக்க வைப்பார்கள். அதன்மேல் வடிவ அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமிட்டிக் குழம்பை ஊற்றுவார்கள். கைதேர்ந்தவர் அச்சில்லாமலே கரண்டியால் கோலமிடுவதும் உண்டு. பின் உலர்ந்த மணலும் சிமிட்டியும் தூவி, அதன்மேல் ஈரச்சாந்தை நிரப்பி மட்டம் செய்வார்கள். காய்ந்ததும் நீர்த்தொட்டியில் சில நாள் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி தானே கழன்றுகொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு முழுவதையும் கல் வாங்கிக்கொண்டிருக்கும். செய்பவர் அதுவரை தம் வேலையின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகுப்பக்கமிருந்தே பூவை வரைகிறார். நாள்தோறும் துடைக்கத் துடைக்க, கால்பட்டு நடக்க நடக்க அதன் மெருகு கூடுகிறது. கைவினைகளுள் இதனைப் போல் எங்களை வியக்க வைத்தவை சிலவே.

துணிக்கு இறங்கிய பூ

1989ஆம் ஆண்டு லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் மரபுப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. கடைவீடுகள் வண்ணம் பெற்றன. நாளடைவில் அவற்றின் ஓடுகள் நகரின் அடையாளமாயின. இப்போது அந்தப் பூக்களைக் கைக்குட்டையிலும் பையிலும் தாவணியிலும் சட்டையிலும் காண்கிறோம். குறை சொல்ல ஏதுமில்லை. துணியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து துணிக்கும் வடிவங்கள் தாவுவது பழைய வழக்கம்.

ஆயினும் ஓர் அனுபவத்தைச் சொல்லவேண்டும். நகரின் நடுவிலுள்ள கடையொன்றில், ஓட்டு வடிவமும் பாத்திக் கட்டமும் கலந்த நீள அங்கி ஒன்றைக் கண்டோம். விலை மூன்றிலக்கம். தொங்கிய அட்டை அதைக் கைவினை என்றது. உட்புறத்தைத் திருப்பினோம். நிறம் ஏறாமல் வெளிறிக் கிடந்தது. கணினி அச்சு. கைவினை என்பது தையலைக் குறித்ததுபோலும். விற்பனைப் பெண்ணிடம் இது பாத்திக்கா என்று கேட்டோம். “பாத்திக் மாதிரி” என்றாள் நேர்மையோடு. அட்டையில் அந்த ‘மாதிரி’ இல்லை.

கையால் வரைந்த பாத்திக்கை உணர மறுபுறமே வழி. சந்திங் என்னும் சிறு செப்புக் கிண்ணத்தில் உருகிய மெழுகை எடுத்து, அதன் மூக்கு வழியே துணியில் கோடிடுவார்கள். மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது. சிறந்த வேலையில், முகப்பில் வரைந்து முடித்ததும் துணியைத் திருப்பி, மறுபுறத்திலும் அதே கோட்டின்மேல் மெழுகிடுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகு, சாயம், கொதிநீர் என்று மீண்டும் மீண்டும் நடக்கும். ஒரு சாரோங்கு முடிய மாதங்கள் ஆகலாம். அதனால்தான் இருபுறமும் ஒன்றுபோல் ஒளிரும். 19ஆம் நூற்றாண்டில் வந்த செப்பு முத்திரை இவ்வேலையை விரைவாக்கியது. அதிலும் மெழுகு உண்டு, சாயத்தொட்டி உண்டு, கை உண்டு. அச்சிட்ட துணியில் இவை யாவும் ஒரு படமாகச் சுருங்கிவிடுகின்றன.

மறுபுறமும் முழுவுண்மையைச் சொல்லிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். சாவகத்தின் பெக்காலோங்கானில் பட்டறை நடத்திய எலிசா ஃபான் சைலன் (1863–1947) தம் துணிகளின் ஓரத்தில் கையெழுத்திட்டார். சிங்கப்பூர் நோன்யாக்கள் விரும்பி அணிந்த பூங்கொத்துச் சாரோங்குகளுக்கு அப்பட்டறைகளே பிறப்பிடம். கையெழுத்து முதலாளியுடையது, மாதக்கணக்கில் மெழுகிட்ட பெண்களின் பெயர் துணியின் எப்பக்கத்திலும் இல்லை. ஓட்டின் முதுகிலிருப்பதும் நிறுவனத்தின் பெயரே. பாத்திகளில் மெருகு நிரப்பிய கை யாருடையது என்று அதுவும் சொல்வதில்லை.

கெபாயா இதற்கு மற்றொரு பாடம் தருகிறது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் இணைந்து முன்மொழிந்ததன்பேரில், 2024 டிசம்பரில் கெபாயா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மெல்லிய துணியில் மயிலும் ரோசாவும் செம்பருத்தியும் பூக்கும் நோன்யா கெபாயாவின் பூவேலை ஊசியால் மட்டும் நடப்பதன்று. தையல் இயந்திரத்தில் நடப்பது. துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, இயந்திரத்தின் ஊசி குத்திக்கொண்டே இருக்க, சட்டத்தை இருகைகளாலும் அசைத்தே பூ வரைவார்கள். துணியில் துளைகள் வெட்டி விளிம்பைத் தைத்துச் சல்லடைப் பின்னலாக்கும் வேலையும் உண்டு. அங்கே இயந்திரம் ஊசியை மட்டுமே ஓட்டுகிறது. பூவை ஓட்டுவது கை. ஆகவே கையா, இயந்திரமா என்று பிரித்துவிட்டால் போதாது. தூள் அழுத்தும் இயந்திரம் இல்லாமல் பெட்டேன் சாலையின் ஓடுகளே இல்லை. செய்பவர் தீர்மானிக்க இன்னும் ஏதேனும் மீதமிருக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டியது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், இன்றைய வடிவமைப்பாளர்களிடையே வேறுபாடு தெரிகிறது. 1968இல் மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்சின் பணிப்பெண்களுக்குப் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மான் சாரோங் கெபாயாவை மாற்றி அமைத்தார். ஒரு நாட்டின் உடையையே உலகம் அடையாளம் காணச் செய்த முயற்சி அது. ஆயினும் நாட்டார் உடையின் வெட்டும் பூவும்தான் அதில் நிற்கின்றன. 2010களின் தொடக்கத்தில் பிரிசிலா சண்முகம் தொடங்கிய ஓங் சண்முகம் என்னும் உடையகம் வேறுவழி சென்றது. தாயின் சீனப் பெயரையும் தந்தையின் தமிழ்ப் பெயரையும் இணைத்த அவ்வடையாளத்தின்கீழ், சியோங்சாமின் வெட்டில் பாத்திக்கும் இவ்வட்டார நெசவுகளும் சேர்ந்தன. அங்கே துணியே வடிவத்தைத் தொடங்கிவைக்கிறது. கைவேலைத் துணியை வாங்கும் வடிவமைப்பாளர், தம்மையறியாமலே, மெழுகிடும் ஒருவருக்கு அடுத்த மாத வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். துணியின் படத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு அக்கடமை இல்லை. இருவரையும் ‘மரபின் தாக்கம்’ என்ற ஒரே சொல்லால் நாம் பாராட்டிவிடுகிறோம். அதுதான் எங்களை உறுத்துகிறது.

தமிழ்க் கடற்கரையின் பங்கு இத்துணிகளிலும் பழையது. சோழமண்டலக் கரையின் எழுதுவண்ணத் துணிகள் நறுமணப் பொருளுக்கு ஈடாக இத்தீவுகளுக்குச் சென்றன. மலாய் ஆடவர் அணியும் கட்டம் போட்ட சாரோங்குக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காடு. அரபுத் தெருவில் அதை வாங்கும் இளைஞரும், வீட்டில் கைலி உடுக்கும் தமிழ்த் தாத்தாவும் ஒரே கட்டத்தைத்தான் கட்டிக்கொள்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

தேக்கா நிலையத்தின் மேல்மாடிக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல ஆசிரியர்களை வேண்டுகிறோம். அங்குள்ள துணிக்கடைகளிலும் தையற்கடைகளிலும் உள்மடிப்பு, காஜா, பட்டி, நாடா, குஞ்சம், ஆரி வேலை என்று சொற்கள் இன்னும் புழங்குகின்றன. ரவிக்கையைப் புரட்டிக் காட்டிப் பேசுபவர்கள் அவர்கள். பாடநூலில் ‘வடிவமைப்பு’ என்ற ஒரே சொல்லைக் கற்ற மாணவர், அங்கே பத்துச் சொற்களைப் பெற்றுத் திரும்புவார். தையற்காரரிடம் நேரம் கேட்டுச் செல்வது நலம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் போகவே கூடாது.

எங்கள் உடைந்த ஓடு இப்போது வகுப்பறை மேசையில் இருக்கிறது. மாணவர்கள் அதன் முதுகில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்கள். வரிப்பள்ளங்களுக்கு நடுவே எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. அடுத்த வகுப்புக்கு வீட்டிலிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து மறுபுறத்தைக் காட்டச் சொன்னோம். இருவர் அச்சிட்ட சட்டையையும், ஒருத்தி பாட்டியின் சேலையையும் கொண்டுவந்தனர். தூணைத் தொட்டுப் பார்த்த மாணவி தாத்தாவின் கைலியைக் கொண்டுவந்திருந்தாள். இருபுறமும் கட்டம் ஒன்றுபோல் இருந்தது. மூலையில் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. குடியாத்தம் என்ற பெயர் மட்டும் படிக்க முடிந்தது.